மூன்றாம் முனையம், நின்றபடி

பதினேழு ஆண்டுகளாக நிற்கிறேன்
சாங்கியில், வாசனைத் திரவியக் கடையில்.
கறுப்புக் காலுறை சீருடையில் சேர்த்தி.
அதற்குள் என்ன நடக்கிறது என்று
ஃபிராங்ஃபர்ட் போகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் ஊதா நூல்கள் வந்தன,
முழங்காலுக்குப் பின்னால்,
ராத்திரியில் ஒரு சிலந்தி வேலை பார்த்ததுபோல.
பிறகு கெண்டைக்காலில் மண்புழு ஒன்று எழுந்தது.
"எங்கம்மாவுக்கும் இருந்தது, மீன் விற்றவள்"
என்றாள் ஹுய் மின்.
வேப்பெண்ணெய் தடவிப் பாரேன் என்றான் தயாளன்.
தடவினேன்.
புழு பளபளத்தது.

சுவா சூ காங் மருந்தகத்தில் கடிதம் வாங்கி
பதினொரு வாரம் காத்திருந்து
ஸ்கேன் அறைக்குள் போனால்
"நில்லுங்கள்" என்கிறார் நர்ஸ் ரொஸ்னா.
இங்குமா?
நின்றால்தான் தெரியுமாம்.
குளிர்ந்த களியைப் பூசிக்
கெண்டைக்காலை அமுக்கி விட்டார்.
கருவியில் ஓர் உஸ், மேலே போகிற சத்தம்.
நின்றது.
பிறகு இன்னொன்று, நீளமாய், கீழே.
இறங்கும் நிலையத்தைத் தவறவிட்டவர்
எதிர்த்திசை வண்டியில் திரும்புவதுபோல
என் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.
இத்தனை நாளும் எனக்குக் கேட்கவில்லை.

டாக்டர் குவெக் ஒரு கால் வரைந்தார்.
கால் என்று சொல்லாவிட்டால் முள்ளங்கி.
உள்ளே குட்டிக் கதவுகள்;
ரத்தத்தை மேலே விட்டுப்
பின்னால் சாத்திக்கொள்ள வேண்டியவை.
உங்களுக்குத் தொடை இடுக்கில் ஒன்று
சாத்துவதில்லை என்றார்.
சிலந்திக்கு ஊசி போடத்தானே வந்தேன்?
அது கிளை. முதலில் வேரைப் பார்ப்போம்.

இறுக்கமான காலுறை:
படுக்கையைவிட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும்.
குணமாக்காது, தாங்கிப் பிடிக்கும்.
நுரை ஊசி, உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ள.
வெப்பம், ஒரு துளை வழியே கம்பி போய்
உள்ளிருந்தே சுட்டு அடைக்கும்;
லேசரா ரேடியோ அலையா என்பது அவர் கவலை.
அப்புறம் பசை. ஆமாம், பசைதான்.
வெட்டி உருவி எடுக்கும் பழைய முறையை மட்டும்
குரல் தாழ்த்திச் சொன்னார்,
சிறைக்குப் போய்வந்த சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல.
எதற்கு மெடிசேவ், எதற்குக் கைக்காசு என்று
இன்னொரு தாளில் ரொஸ்னா குறித்தார்.
சிலந்திக்குக் கிடையாது. அழகு உங்கள் செலவு.

அடைத்துவிட்டால் ரத்தம் எங்கே போகும் என்று கேட்டேன்.
"ஆழத்தில் வேறு பாதை இருக்கிறது.
அது நல்ல பாதை."
இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்
இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

வெப்பத்தைத் தேர்ந்தேன்.
மரத்துப்போகப் போட்ட ஊசிகள்தான் வலித்தன.
நடுவில் நாக்கில் லேசாய்க் கருகிய ருசி,
கற்பனையோ என்னவோ.
முடிந்ததும் படுக்கச் சொல்வார்கள் என்றிருந்தேன்.
நடங்கள் என்றார்கள், அரைமணி நேரம்.
கட்டுப்போட்ட காலோடு
காப்பிக் கடைக்கும் லிஃப்டுக்கும் இடையில்
எங்கும் போகாத பயணியாய் நடந்தேன்.

மறுபடி வருமா டாக்டர்?
வரலாம், வேறொரு நரம்பில்.
வேலையில் உட்கார முடியுமா?
சிரித்துவிட்டேன்.
கடையில் நாற்காலி ஒன்று இருக்கிறது,
மனைவிகள் தேர்ந்தெடுக்கும்வரை
கணவர்கள் உட்கார.

மணிக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டு எழுதினார்.
மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்தார்,
மரியாதையாகக் கோப்பில் சொருகினார்.

இப்போது கிடங்கில் ஒரு விஸ்கிப் பெட்டிமேல் நான்,
எதிர்ப்பெட்டிமேல் என் கால்கள்.
திரைக்கு அந்தப்பக்கம் ஹுய் மின் காவல்.

நேற்று நான் எழுந்ததும் அவள் உள்ளே வந்தாள்,
இன்னும் சூடாறாத பெட்டியில் உட்கார்ந்து
காலுறையை இறக்கிக் காட்டினாள்.
"இது சிலந்தியா?"

குனிந்து பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை.
எழுந்து நில், என்றேன்.